கட்டற்ற இயங்குதளம் எளியோர்க்கு ஏற்றதா?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஓலைக் கொட்டகை ஒன்றில், ஒரே ஒரு மின்விளக்கின் கீழ், மாலை நேர வகுப்பாக நம் சங்கம் தொடங்கப்பெற்றது. அன்று அதன் சொத்து ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டிப் பழைய பாடநூல்களுமே. இன்று சங்கத்தின் படிப்பகத்தில் எட்டுக் கணினிகள் உள்ளன. அலுவலகம் ஒன்று புதியன வாங்கியபோது கழித்துவிட்டவை அவை. ஆயினும் நல்ல நிலையில் இருப்பவை. அவற்றில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்னும் கேள்வி செயற்குழுவில் எழுந்தது. "லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறதாமே, அதையே போட்டுவிடலாம், சங்கத்துக்குச் செலவு மிச்சம்" என்றனர் பெரியோர் சிலர். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஊரில் எல்லாரும் விண்டோஸில் படிக்கிறார்கள். நமக்கு மட்டும் இலவசமா? இதிலுமா நமக்குத் தனிக் குவளை?" என்று கேட்டார்.

அவையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. எமக்கு அளிக்கப்பட்டுள்ள இத்தலைப்பு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே. ஆகவே, இவ்வுரையை அந்த இளைஞருக்கு நாம் கூறும் மறுமொழியாகவே கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் இயங்குதளம் என்பது யாது எனக் காண்போம். ஒரு பள்ளியில் எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்தப் பாடவேளையில் எந்த ஆசிரியர், ஆய்வகச் சாவி யாரிடம் என்பனவற்றையெல்லாம் தலைமையாசிரியர் அறை ஒழுங்கு செய்கிறதன்றோ? அவ்வாறே கணினியின் விசைப்பலகை, திரை, நினைவகம், அச்சுப்பொறி ஆகியவற்றை ஒழுங்கு செய்து, நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு அவற்றைப் பங்கிட்டுத் தருவது இயங்குதளம். நம்மில் பெரும்பாலோர் அறிந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதற்கு மாற்றாகக் கிடைப்பவற்றுள் முதன்மையானது லினக்ஸ்.

இவ்விரண்டிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு விலையன்று. மென்பொருளை ஆக்குவோர் மனிதர் படித்தறியத்தக்க வடிவில் எழுதுவதற்கு மூலநிரல் என்று பெயர். விண்டோஸின் மூலநிரல் அதன் உரிமையாளரிடம் பூட்டப்பட்டுள்ளது. சுவடியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு மருந்தை மட்டும் விற்கும் வைத்தியரை ஒப்பது அது. லினக்ஸோ மருந்தோடு சுவடியையும் கையில் தருகிறது. எவரும் பயன்படுத்தலாம், எவரும் படித்துப் பார்க்கலாம், எவரும் தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், எவரும் பிறருக்குப் படியெடுத்து வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் அதன் உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளன. சுவடியைப் பூட்டி வைப்பதால் விளையும் கேடு யாதென்பதை நம் மக்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வியக்கத்தின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், 1983ஆம் ஆண்டு செப்டம்பரில், எவரும் தடையின்றிப் பகிர்ந்துகொள்ளத்தக்க முழுமையான இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயரிட்டார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். 1992இல் அவர் அதனைக் குனு பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அன்று தொட்டுப் பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரவர் அதனை வளர்த்து வருகின்றனர். டெபியன், உபுண்டு, மிண்ட் என இன்று வழங்குபவையெல்லாம் அதனின்று கிளைத்த வகைகளே. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் டெபியனை அடியாகக் கொண்டதே.

இனி, "இலவசமா?" என்ற கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் சுதந்திரத்திற்கும் இலவசத்திற்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே குழப்பம் நேர்கிறது. தமிழில் அக்குழப்பம் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று நாம் வழங்கும் சொல்லே அதன் இயல்பைக் காட்டிவிடுகிறது. மேலும், விலை குறைவானதெல்லாம் தரம் குறைவானது என்று எண்ணுவது நம் முன்னோர் எண்ணமன்று. 1907ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் வெளியிட்ட வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே பொறித்துக்கொண்டு வந்தது அது. ஏழையின் கைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக அவ்விலை வைக்கப்பட்டதேயன்றி, உள்ளிருக்கும் சரக்கு மட்டமானது என்பதற்காக அன்று.

லினக்ஸும் அத்தகையதே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸில் இயங்குவன. உங்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருப்பகுதியும் லினக்ஸே. ஆகவே, இது யாருக்கோ ஒதுக்கி வைத்த குவளையன்று. பெரும் ஆய்வுக்கூடங்களும் பருகும் குவளை.

ஆயினும் இவ்வளவு கூறியதால் எம் கடமை முடிந்துவிடாது. இருபது டன் பாரம் ஏற்றும் லாரி நல்ல வண்டிதான். அதை ஓட்டிக்கொண்டு நியாயவிலைக் கடைக்குப் போக இயலுமா என்பது வேறு கேள்வி. நம் தெருவில் உள்ள எளிய பயனருக்கு இது ஏற்றதா என்பதையன்றோ நாம் ஆராய வேண்டும்?

எளிய பயனர் கணினியில் செய்யும் வேலைகள் யாவை? கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல், தேர்வாணைய அறிவிப்புகளைப் பார்த்தல், மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்குதல், கடிதமும் தன்விவரக் குறிப்பும் தட்டச்சு செய்தல், பாடக் காணொளி காணுதல், சிறு கணக்குகள் போடுதல். இவற்றுள் பெரும்பாலானவை இணைய உலாவியின் வழியே நடைபெறுவன. பயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் இரு இயங்குதளங்களிலும் ஒன்றுபோலவே இயங்குகின்றன. கடிதத்திற்கும் கணக்கிற்கும் லிபர் ஆபீஸ் உண்டு. தமிழக அரசு 2018இல் வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாகவே இடம்பெற்றன.

தமிழுக்கும் இதில் குறையில்லை. தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகிய மூன்று வகை விசைப்பலகைகளையும் லினக்ஸில் தேர்ந்துகொள்ளலாம். இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உள்ளது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கோப்புகள் நம்மிடம் மிகுதி. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டால்தான் படிக்க இயலும். நம் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளே அந்நிலையில் உள்ளன. எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் இவ்வேலையை என்றேனும் ஒருநாள் செய்தே ஆகவேண்டும்.

குறைகளையும் மறைக்கமாட்டோம். கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் கணக்கெழுதப் பயன்படும் டாலி, விண்டோஸுக்கென எழுதப்பட்டது. அச்சகங்களில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. சில வகை அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் எளிதில் இணங்குவதில்லை. வேர்டில் தயாரித்த ஆவணத்தை லிபர் ஆபீஸில் திறந்தால் அட்டவணையும் பக்க அமைப்பும் சிலவேளை இடம் மாறிவிடும். இவையனைத்தினும் பெரிய குறை ஒன்றுண்டு: கணினி பழுதானால் கடைத்தெருவில் அதைப் பார்க்கத் தெரிந்தவர் அரியர்.

மற்றொரு பக்கத்தையும் நோக்குவோம். நம் தெருக்களில் உள்ள கணினிகளில் பலவற்றில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் அன்று. கடைக்காரர் பதிந்து கொடுத்த திருட்டு நகலே. பிறர் விடைத்தாளைப் பார்த்து எழுதாதே என்று பிள்ளைக்குக் கற்பித்துவிட்டு, திருட்டு நகலில் அவனுக்குக் கணினி கற்பிப்பது எவ்வகை அறம்? அதில் ஆபத்தும் உண்டு. திருட்டு நகல்கள் பலவற்றில் பாதுகாப்புத் திருத்தங்கள் முறையாக வந்து சேர்வதில்லை. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. திருத்தங்கள் பெறாத விண்டோஸ் கணினிகளே அதற்கு இரையாயின.

நம் எட்டுக் கணினிகளின் நிலையும் இதனோடு தொடர்புடையது. அவை விண்டோஸ் 10 காலத்தவை. அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அறிவித்ததோடு சரி. விண்டோஸ் 11 நிறுவுவதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், பட்டியலிடப்பட்ட புதிய செயலிகளுள் ஒன்றும் வேண்டும். நம் கணினிகளில் அவை இல்லை. அதே கணினிகளில் 4 ஜி.பி. நினைவகத்தைக் கொண்டே லினக்ஸ் மிண்ட் போன்ற வகைகள் செவ்வனே இயங்கும். கணினி கெட்டுப்போகவில்லை, அதற்குரிய விண்டோஸின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவே.

அப்படியாயின் உடனே லினக்ஸை நிறுவிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எம் வாழ்வில் நேர்ந்த ஒரு தவற்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய ஒரு பள்ளியின் கணினி அறையில் பத்துக் கணினிகள் இருந்தன. முன்னாள் மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு வந்து, இரண்டு நாள் உழைத்து, அனைத்திலும் லினக்ஸை நிறுவிக் கொடுத்தார். ஆறு திங்கள் நன்றாக இயங்கின. நாமும் கூட்டங்களில் அதைப் பெருமையாகப் பேசினோம். பின்னர் அந்த மாணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பழைய அச்சுப்பொறி பழுதாகிப் புதியது வாங்கினோம், அது இயங்கவில்லை. ஏதேனும் மாற்றம் செய்யக் கடவுச்சொல் வேண்டும். அது அவருக்கு மட்டுமே தெரியும். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது நமக்குப் பழக்கமில்லை சார்" என்று கூறிச் சென்றார். ஒவ்வொரு கணினியாக நின்றது. நாமும் தேர்வு, ஆய்வு, சேர்க்கை என்று வேறு வேலைகளில் மூழ்கினோம். கணினிகள் துணி போர்த்திய நிலையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தன.

பள்ளி முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த மாணவி ஒருத்தி எம்மிடம், "ஐயா, இரண்டு வருஷத்தில் நான் கம்ப்யூட்டரைத் தொட்டது பதினோரு தடவை" என்றாள். அவள் குறை கூறவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொன்னாள். ஒரு பிள்ளை அதை எண்ணி வைத்திருந்தாள் என்பதே எமக்குப் போதுமான தண்டனையாயிற்று. அவள் வீட்டில் கணினி இல்லை. பள்ளியை விட்டால் அவளுக்கு வேறிடமும் இல்லை. பிழை லினக்ஸினுடையதன்று. ஒரே ஒருவரின் அறிவை நம்பிப் பத்துக் கணினிகளை நிறுத்திய எம்முடைய பிழை.

இதே பாடத்தைப் பெரிய அளவிலும் காணலாம். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எம் பள்ளி மாணவர்களிடம் நாம் கண்டவரையில், லினக்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. கருவி கைக்கு வந்தது, கற்பிப்பவர் வரவில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்திலோ 2001இல் தொடங்கப்பட்ட 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அதற்கெனவே ஆசிரியர்களைப் பயிற்றுநர்களாக ஆக்கினார்கள். 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்களை அமைத்து, பள்ளிக் கணினிகளைப் பேணும் அறிவைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தார்கள். ஒரே மென்பொருள், இரண்டு மாநிலங்கள், விளைவு வேறு. வேறுபாடு மனிதர்களில் இருந்தது.

ஐரோப்பாவிலும் இதுவே கதை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகர மன்றமே மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பிரான்சின் ஜாந்தார்மெரி என்னும் காவற்படையோ படிப்படியாகச் சென்றது. 2005இல் ஓப்பன் ஆபீஸ்; அடுத்துப் பயர்பாக்ஸ்; பணியாளர் அவற்றில் பழகிய பின்னரே, 2008 முதல் உபுண்டு. அம்மாற்றம் நிலைத்தது. முதலில் பழக்கம், பிறகு மாற்றம் என்னும் வரிசையை நாமும் கைக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் வரலாற்றை நினைவு கூர்வது பொருந்தும். அரசுப் பொருளால் பேணப்படும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோர்க்கும் உரியன என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம், எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் பொது என்று 1924இல் நம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் தீர்மானம் கொண்டுவந்தார். ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்கள் திரளோடு நடந்து சென்று, மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகும் வரையில், அக்குளம் தாளில் மட்டுமே திறந்திருந்தது. மகாடில் வழி மறித்தவர்கள் மனிதர்கள். கணினியில் வழி மறிப்பது பழக்கமின்மை. இரண்டையும் ஒன்றென நாம் கூறமாட்டோம். ஆனால் உரிமை எழுதப்படுவது ஒன்று, படியிறங்கி நீரை அள்ளுவது மற்றொன்று என்னும் உண்மை இரண்டிற்கும் பொது. மூலநிரல் திறந்திருக்கிறது என்பதனாலேயே அது நமக்குத் திறந்துவிட்டதாகாது.

ஆகவே, எம் விடை இதுவே. கட்டற்ற இயங்குதளம் எளிய பயனருக்கு ஏற்றதே. அருகில் கற்றறிந்த ஒருவர் இருக்கும்வரை. அவர் இல்லாத இடத்தில் அது துணி போர்த்திய பெட்டி.

இதனடிப்படையில் செயற்குழுவின் முன் சில கருத்துகளை வைக்கிறோம்.

முதலாவதாக, எட்டுக் கணினிகளிலும் ஒரே வகை லினக்ஸையே நிறுவ வேண்டும். அதுவும் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் நீண்டகாலப் பதிப்பாக இருத்தல் வேண்டும். ஆளுக்கொரு வகையை நிறுவினால் ஒருவர் அறிந்தது மற்றவர்க்கு உதவாது. நிறுவும் முன்பு பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கி, நம் அச்சுப்பொறியும் இணையமும் இணங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். அதனால் கணினியில் உள்ளது எதுவும் அழியாது.

இரண்டாவதாக, இளைஞர் நால்வரைத் தேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும். அவருள் இருவரேனும் பெண்களாக இருத்தல் நலம். ஒருவர் வேலைக்குச் சென்றால் அடுத்தவர் இருப்பார். ஒவ்வோராண்டும் புதியவர் இருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிமத்திற்குச் செலவிடாத பணத்தைச் சங்கம் மிச்சம் என எண்ணலாகாது. அது இவ்விளைஞர்களின் பயிற்சிக்கும் ஊக்கத்தொகைக்கும் உரிய முதல்.

மூன்றாவதாக, ஒரு பதிவேடு வேண்டும். கடவுச்சொல், அச்சுப்பொறியின் வகை, நேர்ந்த பழுது, அதைச் சரிசெய்த முறை ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதிப் பொறுப்பாளரின் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். தலைமையாசிரியர்களுக்குப் பதிவேட்டு மோகம் உண்டென்று நீங்கள் நகைக்கலாம். அன்று எம்மிடம் அப்படியொரு பதிவேடு இருந்திருப்பின் அந்த மாணவி பதினொன்று என்று எண்ணியிருக்கமாட்டாள்.

நான்காவதாக, உரிய உரிமத்துடன் விண்டோஸ் உள்ள புதிய கணினிகள் இரண்டினை வாங்க வேண்டும். டாலியும் வேர்டும் எக்செலும் அவற்றில் பயிற்றுவிக்கப்பட வேண்டும். நேர்முகத் தேர்வில் "எனக்கு விண்டோஸ் தெரியாது" என்று நம் பிள்ளை தலைகுனிய நேருமானால், அதற்குக் கட்டற்ற மென்பொருளின் பெருமை ஈடாகாது. இரண்டையும் அறிந்த பிள்ளையோ ஒன்றை மட்டும் அறிந்தவனைவிட ஒரு படி முன்னே நிற்பான்.

ஐந்தாவதாக, வீட்டில் விண்டோஸ் வைத்திருப்போர் அதை இன்றே நீக்க வேண்டுவதில்லை. அதிலேயே பயர்பாக்ஸையும் லிபர் ஆபீஸையும் நிறுவிப் பழகட்டும். தமிழ்99 தட்டச்சு கற்றுக்கொள்ளட்டும். பழகிய கை பிறகு எங்கும் தயங்காது.

கேள்வி கேட்ட இளைஞருக்கு இறுதியாக ஒரு சொல். தம்பி, நீ கேட்டதில் தவறில்லை, கேட்டது நன்று. செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் ஒரு பொருளை உன்னிடம் நீட்டி, வேறொன்றைத் தேரும் வழியையும் அடைத்துவிட்டால், அது எவ்வளவு உயர்ந்த பொருளாயினும் தனிக் குவளையே. இரண்டையும் உன்முன் வைத்து, இரண்டையும் கற்பித்து, தேர்வு உன்னுடையது என்று கூறினால் அது கல்வி. செயற்குழு இரண்டாவது வழியை மேற்கொள்ள வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அந்நால்வருள் முதற்பெயர் உன்னுடையதாக இருக்கட்டும் என்பதும் எம் விருப்பம். சுவடி திறந்திருக்கிறது, வந்து படித்து, அடுத்தவர்க்கும் கற்றுக் கொடு.

ஓலைக் கொட்டகையில் கரும்பலகையோடு தொடங்கிய இச்சங்கம் தன் பொன்விழாவைக் காணும் நாளில், அக்கணினி அறையின் பதிவேடு பல கையெழுத்துகளால் நிறைந்திருக்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!